முப்பத்தொன்பது வரவேண்டிய கணக்கு

கொழும்பு செட்டியார் தெருவில் நகை வாங்க வருபவர்களுக்குக் கண்ணாடிக் கதவு. உடைந்ததை ஒட்ட வருபவர்களுக்குப் பக்கத்து ஒழுங்கை. அந்த ஒழுங்கைக்குள் போய் ஒரு மரப்படி ஏறினால் சின்ன அறையொன்றில் இரண்டு பத்தர்மார் இருந்து வேலை செய்கிறார்கள். ஒருவர் இளம் பெடியன், காதில் இயர்போன். மற்றவருக்கு எழுபது இருக்கும். போன மாதம் என் அச்சரக்கூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது அந்த எழுபதிடம்.

அச்சரக்கூடு என்று நாங்கள் சொல்வதைத்தான் தமிழ்நாட்டில் தாயத்து என்கிறார்கள். என்னுடையது சின்னி விரலின் பாதித் தடிப்பில் ஒரு வெள்ளிக் குழாய். இரண்டு பக்கமும் மூடி, மேலே சங்கிலியில் கோர்க்க ஒரு வளையம், உள்ளே சுருட்டிய தகடு. நாற்பது வருடத்துக்கு மேலாக என்னோடு இருக்கிற சாமான். வளையம் தேய்ந்து தேய்ந்து நூல் மாதிரி ஆகியிருந்தது. வெள்ளவத்தைச் சந்தையில் கீரை விலை கேட்டுக்கொண்டு நின்றபோது அறுந்து, வல்லாரைக் கட்டுகளுக்குள் விழுந்துவிட்டது. கீரை விற்கிற அம்மா "சுரய, சுரய" என்று பதறிப்போய்த் தேடி எடுத்துத் தந்தார். சிங்களத்தில் இதற்கு அதுதான் பெயர். மிச்சச் சில்லறையை ஒரு கையால் நீட்டியவர், இதை மட்டும் இரண்டு கையாலும் தந்தார்.

பத்தர் அதை உருட்டிப் பார்த்தார்.

"உள்ளுக்கு எழுத்து இருக்கா பிள்ளை?"

"இருக்கு ஐயா."

"அப்ப திறக்கோணும். மெழுகு வச்சு மூடியிருக்கு. பொடி வச்சு ஊதேக்க சூட்டுக்கு மெழுகு ஓடி, தகடு கறுத்துப்போகும்."

திறக்கவே கூடாது என்பது அம்மம்மாவின் முதல் சட்டம். மற்றச் சட்டங்களும் இருந்தன. செத்த வீட்டுக்குப் போகும்போது கழற்ற வேண்டும். துடக்கு நாட்களில் கழற்ற வேண்டும். கழற்றினால் நிலத்தில் வைக்காமல் கலண்டர் ஆணியில் கொழுவ வேண்டும். இவற்றையெல்லாம் நான் இருபது வயதோடு கைவிட்டுவிட்டேன். திறக்கக் கூடாது என்பதை மட்டும் மீற வாய்ப்பே வரவில்லை. அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மம்மா போய்ப் பதினாறு வருசம். இனி ஆர் கேக்கப்போயினம்? திற," என்றார்.

ஏன் கட்டினார்கள் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

நான் மூல நட்சத்திரம். இருபத்தேழில் பத்தொன்பதாவது. அதிபதி கேது, தேவதை நிருதி. அழிவுக்குரிய தேவதை என்று அதற்குப் பெயர். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம். இதைக் கேட்காமல் வளர்ந்த மூலப் பெண் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், தேநீர் வாங்கித் தருகிறேன். நாங்கள் தனியாகவும் இல்லை. ஆயிலியம் மாமிக்கு ஆகாது, கேட்டை மூத்த மச்சானுக்கு ஆகாது, விசாகம் இளையவனுக்கு ஆகாது, பூராடம் நூலாடாது. மூலம் மாமனாருக்கு ஆகாது. கவனித்துப் பாருங்கள், இதில் ஒன்றுகூட அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று சொல்லவில்லை. எல்லாம் அவள் போகிற வீட்டில் யார் சாவார்கள் என்ற பட்டியல்தான். பூராடத்தில் கூடப் பயமெல்லாம் கட்டியவனின் உயிருக்குத்தான்.

ஊரில் எல்லாரும் காப்புக் கட்டுவது தங்களைக் காக்க. எனக்குக் கட்டியது என்னைக் காக்க அல்ல, இன்னும் முகம் தெரியாத ஒரு மனிதரை என்னிடமிருந்து காக்க. இது எனக்கு விளங்கியபோது வயது பதினான்கோ பதினைந்தோ. நாய்க்கு வாய்ப்பூட்டுப் போட்டிருப்பதைத் தெருவில் பார்த்தேன். அப்போது விளங்கியது.

'ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்' என்பதுதான் சரியான பாடம், ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி வருகிற மூலத்தைச் சொன்னது, யாரோ தவறாகக் கேட்டு ஆண் பெண் ஆக்கிவிட்டார்கள் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு அந்த விளக்கம் கொஞ்சம் வசதியாகப் பட்டது. மூலத்தில் பிறந்த ஆஞ்சநேயருக்கு வடைமாலை, நவராத்திரியில் மூலத்தன்று சரஸ்வதி ஆவாகனம். நட்சத்திரத்தோடு யாருக்கும் கோபம் இல்லை, பெண் பிள்ளையின் சாதகத்தில் வந்தால்தான் அது கெட்டுப்போகிறது.

நான் பிறந்தது 1981 இல், வெள்ளவத்தையில். 1983 யூலைக் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தது. இரத்மலானை விமான நிலையத்தில் முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. எனக்கு ஒன்றும் நினைவில்லை. சொல்லக் கேட்டதுதான். வீட்டோடு என் சாதகமும் எரிந்து போனது.

ஊருக்குப் போய்ச் சேர்ந்து ஒரு கிழமைக்குள், பெரியமாமி கிணற்றடியில் வைத்து அம்மாவுக்குக் காரணம் சொன்னாராம்: "மூலப் பெட்டை பிறந்த வீடு."

அதற்கு ஒரு சூத்திரமும் உண்டு. மூலத்தின் முதற்பாதத்தில் பிறந்தால் தகப்பனுக்கு ஆகாது, இரண்டாம் பாதம் தாய்க்கு, மூன்றாம் பாதம் பொருளுக்கு, நாலாம் பாதம் நல்லது. அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், வீடும் சாமானும் போய்விட்டன. ஆகவே மூன்றாம் பாதம். விடையை வைத்துக்கொண்டு கணக்கைச் செய்வது. நான் கணக்காய்வு வேலை செய்கிறவள், இந்த முறையில் தயாரித்த அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கொழும்பில் வீடு வீடாக வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த வீட்டில் தமிழர் என்று அதைப் பார்த்துத்தான் வந்தார்கள். அது பெரியமாமிக்கும் தெரியும். ஆனால் வாக்காளர் இடாப்பைப் பற்றி அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வயதுப் பிள்ளையின் கழுத்தில் ஒன்றைக் கட்டலாம். அவரை இப்போது நான் அவ்வளவு கோபிப்பதில்லை. முந்திக் கோபித்தேன்.

சாதகம் எரிந்ததால் மறுபடி எழுதுவித்தார்கள். பிறந்த நேரம் அம்மாவுக்கு நிமிடக் கணக்கில் நினைவில்லை. காலையில் பால்காரன் மணி அடித்துக்கொண்டு போனபோது என்றுதான் சொன்னார். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும், பாதம் ஒன்றுக்கு ஆறு மணித்தியாலம். பால்காரன் வந்த நேரமோ சரியாக இரண்டு பாதங்களின் வரம்பில். வாக்கியப் பஞ்சாங்கத்தில் பார்த்தால் மூன்றாம் பாதம், திருக்கணிதத்தில் பார்த்தால் நாலாம் பாதம். வருடப் பிறப்புக்கு எந்த நேரத்தில் மருத்துநீர் வைப்பது என்று எங்கள் வீட்டில் வருடா வருடம் நடக்கிற அதே சண்டை. ஒரு பஞ்சாங்கத்தில் நான் வீட்டை எரித்தவள், மற்றதில் குலவிளக்கு. அம்மம்மா இரண்டு பக்கமும் நிற்காமல், ஒரு பரியாரியாரிடம் போய் அச்சரம் எழுதுவித்து, ஒரு மண்டலம் பூசையில் வைத்து உருவேற்றிக் கட்டிவிட்டார்.

பத்தர் ஒரு சின்னக் கம்பியால் மூடியைக் கிளப்பினார். உள்ளே இருந்த மெழுகு பழுப்பாகி, பழைய பற்பசை மாதிரி இருந்தது. அதைச் சுரண்டிவிட்டு, குறட்டால் தகட்டின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார். செப்புத் தகடு. பீடிச் சுருள் போல வந்தது. பலகையில் வைத்து இரண்டு விரலால் விரித்தபோது டக் என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்று நினைத்தேன். உடையவில்லை.

சமஸ்கிருத மந்திரம் இருக்கும், குறைந்தது ஒரு சூலமாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மேலே ஒரு ஓம். கீழே குறுக்கும் நெடுக்கும் கோடு கீறி ஒன்பது கட்டம். கட்டத்துக்குள் எண்கள். ஆணியால் அடித்த மாதிரிக் கோணல்மாணலாக. அவ்வளவுதான். நாற்பது வருடம் நான் ஒரு கூட்டல் கணக்கைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பத்தர் சிரித்தார். "கேது சதுரம். எங்கட அப்பா வெட்டுவார். சூரியனுக்கு எந்தப் பக்கம் கூட்டினாலும் 15. பிறகு கிரகத்துக்கு மூண்டு மூண்டாக் கூடும். சந்திரன் 18, செவ்வாய் 21, புதன் 24, வியாழன் 27, வெள்ளி 30, சனி 33, ராகு 36, கேது 39."

கூட்டிப் பார்க்காமல் ஒரு பலசரக்குக் கடைச் சிட்டையைக்கூட என்னால் மடித்து வைக்க முடியாது. மேல் வரிசை 14, 9, 16. சரி, 39. நடு வரிசை 15, 13, 11. சரி. கீழ் வரிசை 10, 11, 12.

முப்பத்துமூன்று.

மறுபடி கூட்டினேன். 33 தான். நடு நிரலும் அப்படி: 9, 13, 11. அதுவும் 33. மற்ற எல்லாப் பக்கமும், மூலைவிட்டங்களும்கூட 39. அடி வரிசையின் நடுக்கட்டத்தில் 17 இருந்திருக்க வேண்டும். 11 தான் ஏற்கெனவே மேலே ஒரு தடவை வந்துவிட்டதே. பத்தர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஏழுக்கு மேல்கோடு விழேல்ல. தேயவும் இல்ல. வெட்டவே இல்ல."

ஒரு நெற்பொட்டு நீளமும் இல்லாத ஒரு கோடு.

"நான் போட்டு விடட்டா? ஒரு கோடுதானே," என்று ஊசி மாதிரி ஒன்றைக் கையில் எடுத்தார்.

ஏன் என்று தெரியவில்லை, "நில்லுங்கோ ஐயா, நாளைக்குச் சொல்லுறன்" என்றேன்.

படியிறங்கி வரும்போது பக்கத்துக் கடைக் கண்ணாடிக்குள் பஞ்சாயுதம் அடுக்கி வைத்திருந்தார்கள். சிங்களவர்கள் பிறந்த பிள்ளைக்குப் போடுகிற தங்கப் பதக்கம். சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்று திருமாலின் ஐந்து ஆயுதமும் அதில் இருக்கும். எங்கள் பழைய ஐம்படைத்தாலிதான் இது. தலையாலங்கானத்தில் வென்ற நெடுஞ்செழியன் போருக்குப் போனபோது இன்னும் தாலி களையாத பிள்ளை என்று புறநானூற்றில் இடைக்குன்றூர் கிழார் பாடுகிறாரே, அந்தத் தாலி. நம் பிள்ளைகளின் கழுத்தில் இப்போது அதைக் காண்பது அரிது, செட்டியார் தெருவில் தமிழ் நகைக்கடைகள் அதைச் சிங்களப் பிள்ளைகளுக்காக விற்றுக்கொண்டிருக்கின்றன. கொழும்பு இந்த விசயத்தில் ஒரு தனி ஊர். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கையில் புத்த பிக்குகள் ஓதிக் கட்டிய பிரித் நூல், ஒருவர் பணப்பைக்குள் பள்ளிவாசலில் ஓதி வாங்கிய தாவீஸ், ஒருவர் கழுத்தில் கொச்சிக்கடை அந்தோனியார். ஆண்டிறுதிக் கணக்கு முடிகிற கிழமையில் எல்லாமே சட்டைக்கு வெளியே வந்துவிடும்.

மகனுக்குப் பதின்மூன்று வயது, வானம் பார்க்கிற பைத்தியம். நான் என் நட்சத்திரத்தை முதன்முதலாகக் கண்ணால் பார்த்ததே அவனால்தான், அதுவும் நாற்பது தாண்டிய பிறகு. ஓகஸ்ட் மாதம், இரவு எட்டு மணி, எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடி. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று தெற்கே, கல்கிசைப் பக்கம் கையைக் காட்டினான். விருச்சிகத்தின் வால் வளைந்து வந்து முடிகிற இடம், கொடுக்கில் இரண்டு நட்சத்திரம் ஒட்டி ஒட்டி. அதுதான் மூலம். பழைய ஆட்கள் அங்குசம் என்றும் சிங்க வால் என்றும் சொன்னது. அழகாகத்தான் இருக்கிறது. நாலு சம்பந்தம் குழம்பக் காரணமாயிருந்த சாமான் என்று சொல்ல முடியாது. அந்தக் கொடுக்குக்குப் பக்கத்துத் திசையில்தான் நம் பால்வீதியின் மையம், 26,000 ஒளியாண்டு தூரத்தில், நாற்பது இலட்சம் சூரியன் எடையுள்ள கருந்துளையோடு இருக்கிறது என்றான். மூலம் என்றால் வேர். பொருந்துகிறதுதான், ஆனால் அன்றே சொன்னான் தமிழன் என்று யாரும் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.

அச்சரக்கூட்டுக் கதையைச் சொன்னபோது, அவன் வேறொரு கெட்ட நட்சத்திரத்தின் கதையைச் சொன்னான். அல்கோல். தை மாதத்தில் வடக்கு வானில் தெரியும். அரபுப் பெயருக்குப் பேயின் தலை என்று பொருள். கிரேக்கக் கதையில் பெர்சியுஸ் வெட்டி எடுத்துக்கொண்டு போகிற மெடூசாவின் தலை. அது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கி மீண்டும் பிரகாசமாகும், பேய் கண் சிமிட்டுகிற மாதிரி. 1783 இல் ஜோன் குட்றிக் என்று காது கேளாத ஒரு பதினெட்டு வயதுப் பெடியன் அந்தக் கால இடைவெளியைக் கணக்கிட்டு, இருண்ட ஏதோ ஒன்று அதைச் சுற்றி வந்து மறைக்கிறதாக்கும் என்று சொன்னானாம். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள், மங்கலானது முன்னால் வரும்போது வெளிச்சம் குறைகிறது என்று பிறகு உறுதியானது. அதற்கு முன்னே நடுக்கால ஐரோப்பாவில் இந்த அல்கோலுக்கும் தாயத்து இருந்தது. வெட்டுண்ட ஒரு தலையின் உருவம். எதற்குப் பயமோ அதையே எழுதிக் கட்டிக்கொள்வது. என் கழுத்தில் கேதுவின் எண்ணை எழுதிக் கட்டின அதே புத்தி. அங்கே உடம்பில்லாத தலை, இங்கே கேது தலையில்லாத உடம்பு. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் வரும் என்றேன், மகன் சிரிக்கவில்லை.

கலியாணக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது நீளமாக நடந்தது. 2007 இல் எனக்கு இருபத்தாறு வயது. குறிப்புப் போன நாலு இடமும் திரும்பி வந்தன. கடைசியில் புறோக்கர் வந்து, "தகப்பன் இல்லாத பெடியனாப் பாப்பம், அதுதான் இந்த நட்சத்திரத்துக்குத் தோது" என்று மிக இயல்பாகச் சொன்னார், ஏதோ கிழக்குப் பார்த்த வீடு தேடுகிற மாதிரி. யுத்தம் நடந்துகொண்டிருந்த 2007 இல் எங்கள் ஆட்களுக்குள் தகப்பன் இல்லாத பெடியன்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. அப்பா எழும்பி உள்ளே போய்விட்டார். தன்னிடம் இன்னொரு தகப்பனின் சாவை ஒரு தகுதியாகப் பேசுவது அவருக்குத் தாங்கவில்லை.

கடைசியில் நான் கட்டியது தகப்பன் இருக்கிற ஆளைத்தான், கூடப் படித்தவர். மாமா என் குறிப்பை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்கு பைபாஸ் செய்து ரெண்டு வருசம். மூலம் வரிசையில நிக்கட்டும்" என்றார். அவருக்கு இப்போது எண்பத்திரண்டு. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டின கையோடு என்னைப் பார்த்து, "பிள்ளை, இன்னும் இருக்கிறன்" என்பார். முதல் இரண்டு வருடம் எனக்கு அது பகிடியாகப் படவில்லை. அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் நான் நித்திரை கொள்ள மாட்டேன். நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே, இரவு இரண்டு மணிக்கு எழும்பி அவருடைய அறை வாசலில் நின்று மூச்சுக் கேட்டிருக்கிறேன். ஒரு கை அச்சரக்கூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவருக்கு இது தெரியாது. இதை வாசித்தால் தெரியும்.

பத்தரிடம் போய் வந்த அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மாமாவுக்குச் சதுரத்தைக் கடதாசியில் எழுதிக் காட்டினேன். இடியப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் கூட்டினார். ஒரு தடவை மேலிருந்து கீழ், ஒரு தடவை இடமிருந்து வலம்.

"ரெண்டு பக்கம் 33," என்றார்.

"ஓம் மாமா. பிழையா வெட்டியிருக்கு."

"33 ஆற்ற எண் எண்டவர் பத்தர்?"

"சனி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சம்பலை எடுத்து இடியப்பத்தின் மேல் வைத்தார். "சனி ஆயுள்காரகன். சாத்திரத்தில பாதியாவது தெரிஞ்சு வச்சிருக்கோணும். அந்தக் கோட்டைப் போட வேண்டாமெண்டு அந்த மனிசனுக்குச் சொல்லு."

"மாமா, நீங்கள்தான் இதொண்டும் நம்புறேல்லையே."

"நான் நம்புறேல்ல. ஆனா இப்ப அதில கை வைக்கிறதுக்கு என்ன அவசரம்?"

காலையில் பத்தருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். காரணம் கேட்கவில்லை. பின்னேரம் போய் வாங்கினேன். தகட்டைப் பழையபடியே சுருட்டி வைத்து, புது மெழுகால் மூடியிருந்தார். ஒட்டுக்கூலியும் வளையத்துக்கான வெள்ளிக் காசும் மட்டும் எடுத்தார். புது வளையம் பழைய குழாயைவிட நல்ல வெள்ளையாக, இரவல் வாங்கின மாதிரித் தெரிகிறது. கொட்டாஞ்சேனைப் பக்கம் திரும்பிய ஆட்டோவுக்குள் இருந்து சங்கிலியில் கோர்த்துப் போட்டுக்கொண்டேன். பத்து நாள் வெறுங்கழுத்தாக இருந்ததாலோ என்னவோ, நெஞ்சில் அது பட்ட இடம் மட்டும் கொஞ்ச நேரம் குளிர்ந்தது.